ஒன்றுக்குப் பத்து

சஞ்சீவனி தப்புச் செய்தது ஒரு துண்டுக் கேக்குக்காக. சொன்னால் யாருக்கும் சிரிப்புத்தான் வரும். வத்தேகமவில் ஒரு பெண்ணின் படிப்பு பாழாய்ப் போனதற்குக் கண்டியில் வெட்டிய கேக் காரணம் என்றால் எவன் நம்புவான்? ஆனால் அந்தத் தப்பைக்கூட மன்னித்துவிடலாம். மறுநாள் அவள் செய்தது இருக்கிறதே, அதற்குத்தான் என்ன பெயர் வைப்பதென்று தெரியவில்லை.

அவளுடைய அலுவலகம் கண்டி நகரத்தில், ஒரு மருந்துக்கடைக்கு மேலே. கொழும்புப் பங்குச் சந்தையிலிருந்து வரும் விலைகளை வாங்கி, ஒழுங்குபடுத்தி, ஆட்கள் போனில் வைத்துத் தங்கள் பங்கைப் பார்க்கிற, விற்கிற ஒரு செயலிக்கு அனுப்பி வைப்பது அங்கே வேலை. விலை தானாக வந்து தானாகப் போய்விடும், அதை யாரும் தொடுவதில்லை. கம்பனிகள் எடுக்கிற முடிவுகளைத்தான் மனிதர்கள் உட்கார்ந்து பதிய வேண்டும். எந்தக் கம்பனி இலாபத்தில் டிவிடன்ட் கொடுக்கிறது, எது புதுப் பங்கு விடுகிறது, எது இருக்கிற பங்கைப் பிரிக்கிறது, இதெல்லாம் சஞ்சீவனியின் தலையில்.

பங்கைப் பிரிப்பது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. இருநூறு ரூபாய்ப் பங்கு ஒன்றை இருபது ரூபாய்ப் பங்கு பத்தாக ஆக்குவார்கள். நூறு பங்கு வைத்திருந்தவரிடம் ஆயிரம் பங்கு இருக்கும், மொத்தப் பெறுமதி அதேதான். தேங்காயை முழுசாக வைத்திருந்தால் என்ன, பத்தை போட்டு வைத்திருந்தால் என்ன, எல்லாம் ஒரு தேங்காய்தானே? அந்தப் புதன்கிழமை அவள் பதிய வேண்டியிருந்தது ஒரு தேயிலைக் கம்பனியின் பிரிப்பு. ஒன்றுக்குப் பத்து. அதில் ஒரே ஒரு இடத்தில்தான் கவனம் வேண்டும். கம்பனியின் அறிவித்தலில் இரண்டு திகதி இருக்கும். ஒன்று, புது விலையில் வியாபாரம் தொடங்குகிற நாள். மற்றது, யார் யாரிடம் பங்கு இருக்கிறது என்று கம்பனி கணக்கெடுக்கிற நாள்; அது பிந்தி வரும். முந்தினதைப் போட வேண்டும். சஞ்சீவனி பிந்தினதைப் போட்டாள்.

ஒருத்தி போட்டதை இன்னொருத்தி பார்த்துத்தான் அனுமதிக்க வேண்டும் என்று அங்கே சட்டம். பார்க்க வேண்டியவள் பக்கத்துக் கதிரையில் உட்காரும் நிலூஷா. அவளுக்கு அன்றைக்குப் பிறந்தநாள்.

“என் ஸ்கிரீன் தொறந்துதான் கெடக்கு, நீயே ஓகே போட்டுட்டு வாடி! கேக் வெட்டப் போறோம்!” என்று நிலூஷா அடுத்த அறையிலிருந்து கத்தினாள்.

சஞ்சீவனி எட்டி ஓர் அழுத்து அழுத்திவிட்டு ஓடினாள். அங்கே எல்லோரும் அப்படித்தான், இவளுக்கு அவள், அவளுக்கு இவள். நாலு கண் பார்க்க வேண்டிய இடத்தில் இரண்டு கண்கூட ஒழுங்காகப் பார்க்கவில்லை. கேக் சொக்லட் கேக். நன்றாகத்தான் இருந்தது.

வியாழக்கிழமை காலையில் சந்தை திறந்ததும் போன்கள் அலற ஆரம்பித்தன. தேயிலைக் கம்பனியின் புது விலை சரியாக இருபது ரூபாய் என்று வந்துவிட்டது. ஆனால் ஆட்களின் கணக்கில் பங்கு பத்து மடங்காகவில்லை, பழைய எண்ணிக்கையே நின்றது. செயலியைத் திறந்து பார்த்தவனுக்கெல்லாம் பத்தில் ஒன்பது பங்கு பணம் ஒரே இரவில் பறந்து போனமாதிரித் தெரிந்தது. சஞ்சீவனிக்குப் பார்த்த உடனேயே விளங்கிவிட்டது. அடிப்பாவி, திகதி!

அவள் எழுந்து போய் மேலாளர் ஸாகியிடம் சொன்னாள். ஸாகி நல்ல மனுஷன், குரலை உயர்த்தத் தெரியாதவர்.

“சந்த மூடுற வரைக்கும் தொடேலாது” என்றார். “இப்ப கைய வச்சா இன்னும் கொழம்பும். கொழும்பிலருந்து அறிவித்தல் போடுவாங்க. அதுவரைக்கும் வெளியில யாருக்கும் ஒண்ணும் சொல்ல வேணாம். ஊட்டு ஆளுகளுக்கும்தான்.”

தலையை ஆட்டிவிட்டு வந்து உட்கார்ந்தாள். அந்த நேரம் பார்த்துத்தான் மேசையில் கிடந்த அவளுடைய போன் நடுங்கியது. கறுப்பையா மாமா.

கறுப்பையா அவளுடைய அம்மாவின் தம்பி. வத்தேகம சந்தைக்குப் பக்கத்தில் தேங்காய்க் கடை. அந்தத் தேயிலைக் கம்பனிக்குச் சொந்தமான பன்வில தோட்டத்தில் பிறந்தவர். தோட்டத்தை விட்டு வந்து முப்பது வருஷம் ஆகியும் அந்தக் கம்பனி மேல் ஒரு கோபம் அவருக்கு ஆறவே இல்லை. சஞ்சீவனி இந்த வேலையில் சேர்ந்த புதிதில், அதே கம்பனியின் பங்கை யார் வேண்டுமானாலும் வாங்கலாம் என்று ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் சும்மா சொல்லி வைத்தாள். மனுஷன் சோற்றில் வைத்த கையை எடுத்துவிட்டார்.

“என்னா சொல்ற புள்ள? எங்கம்மாவுக்குக் கொழுந்து கொறஞ்சிச்சுன்னு அரைச் சம்பளம் போட்டானே, அந்தக் கம்பனிக்கு நான் பங்காளியா வரலாமா?”

“வரலாம் மாமா.”

“அப்ப வர்றேன்!”

கடை வருமானத்தில் மகளின் படிப்புக்கென்று சேர்த்து வைத்த பணத்தை எடுத்து அப்படியே அதில் போட்டார். வழி காட்டியது சஞ்சீவனி. கணக்குத் திறந்து கொடுத்தது, போனில் செயலியைப் போட்டுக் கொடுத்தது, எல்லாம் அவள்தான். தன் மனைவி வடிவம்மா அத்தையிடம் மட்டும் மாமா மூச்சு விடவில்லை. அத்தையைப் பொறுத்தவரை பணம் பேங்கில் பத்திரமாகத் தூங்கிக்கொண்டிருந்தது. மாமாவுக்கோ புதுப் பாஷை வந்துவிட்டது. விலை ஏறினால் சந்தை காளையாம், இறங்கினால் கரடியாம். தேங்காய் விலை ஏறின நாளில் வாங்க வந்தவர்களிடம், “இன்னிக்குக் காளை ஓடுதும்மா, நான் என்னா செய்ய?” என்று சொல்லி வசை வாங்கிக் கட்டிக்கொள்வார். சஞ்சீவனி வயிறு வலிக்கச் சிரித்திருக்கிறாள்.

பங்கும் நன்றாகவே ஏறியது. மகள் யசோதினிக்குக் கொழும்பில் தாதிப் பயிற்சிக்கு இடம் கிடைத்தது. தனியார் நிறுவனம், கட்டணம் அதிகம். பரவாயில்லை, பங்கை விற்றுக் கட்டிவிடலாம் என்று மாமா தெம்பாக இருந்தார். வருகிறோம் என்று இந்த வாரத்துக்குள் சொல்ல வேண்டும், பணத்தை அடுத்த வாரம் கட்டலாம். இது சஞ்சீவனிக்கும் தெரியும். எந்த நாளுக்குள் என்றுதான் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை.

போன் நடுங்கி ஓய்ந்தது. கொஞ்சம் பொறுத்து மறுபடியும் நடுங்கியது.

“எடுக்கலையா?” என்றாள் நிலூஷா.

“மாமாடி. சும்மா அடிப்பாரு.”

சும்மா இல்லை என்று அவளுக்குத் தெரியும். எதைப் பார்த்துவிட்டு அடிக்கிறார் என்பதும் தெரியும். போனை எடுத்து, “பயப்படாதீங்க மாமா, கணக்குத் தப்பாக் காட்டுது, சாயந்தரம் சரியாயிரும்” என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? மூச்சு விடுகிற நேரம். ஸாகி சொல்லக் கூடாது என்றார், வாஸ்தவம். ஆனால் அவளைத் தடுத்தது ஸாகி இல்லை. மாமாவின் காதில் ஒன்று விழுந்தால் வத்தேகம சந்தை முழுக்கப் போய்ச் சேரும். யார் செய்த தப்பு என்று கேட்பார், அவரிடம் பொய் சொல்ல வராது. எங்க சஞ்சி, எங்க சஞ்சி என்று ஊரெல்லாம் தூக்கி வைத்து ஆடுகிற மனுஷன் முன்னால் சின்னவளாகிப் போக அவளுக்கு மனசு வரவில்லை. அவ்வளவுதான் விஷயம். சாயங்காலம் தானாகச் சரியாகிவிடும், அப்புறம் யார் கேட்கப்போகிறார்கள் என்று நினைத்தாள். மூன்றாவது தடவை அடித்தபோது போனை மேசை லாச்சிக்குள் போட்டு மூடினாள்.

சந்தை மூடிய பிறகு திகதியை மாற்றினார்கள். தேத்தண்ணி ஆறுவதற்குள் வேலை முடிந்தது. ரிப்போர்ட்டில் ஸாகி ‘தொழில்நுட்பக் கோளாறு’ என்று எழுதினார். யார் பெயரும் வரவில்லை. சஞ்சீவனிக்கு வந்த நிம்மதியைச் சொல்லி முடியாது. கீழே போய் இரண்டு ரோல்ஸ் வாங்கித் தின்றாள். பிறகு மாமாவைப் போனில் கூப்பிட்டாள்.

“காலையில அடிச்சீங்களா மாமா? வேலையில மாட்டிக்கிட்டேன்.”

“ஒண்ணுமில்ல புள்ள. சும்மாதான்.” குரல் எங்கேயோ கிடந்தது. “இப்பப் பாத்தேன். எல்லாம் சரியா இருக்கு.”

பாருங்கள், எல்லாம் சரியா இருக்கு என்று அவரே சொல்லிவிட்டார். சஞ்சீவனி நம்பினாள். நம்ப வேண்டும் என்று இருந்தது, நம்பினாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கண்டி மஹய்யாவவில் இருக்கும் தன் வீட்டிலிருந்து கிளம்பி வத்தேகம பஸ்ஸில் ஏறினாள். கையில் யசோதினிக்கு ஒரு பயணப் பை. கொழும்புக்குப் போகிறவளுக்கு உதவும் என்று நல்லதாகப் பார்த்து வாங்கியிருந்தாள். வாசலில் வடிவம்மா அத்தை அந்தப் பையைப் பார்த்ததும் முந்தானையால் மூக்கைச் சிந்தினாள்.

“யாருக்கும்மா இது? அவதான் எங்கயும் போகலியே!”

“என்னாச்சு அத்தை?”

“ஒங்க மாமாவுக்குப் பேய் புடிச்சிருச்சு. வியாழக்கெழம மத்தியானம் அந்தப் படிப்புக்காரங்களுக்குப் போன் போட்டு, எங்களுக்கு எடம் வேணாம்னு சொல்லிட்டாரு. பொம்பளப் புள்ளையக் கொழும்புக்கு அனுப்ப மாட்டாராம். இத்தன நாளும் தலையில தூக்கி வச்சு ஆடுன மனுஷன்! கேட்டா வாயத் தொறக்க மாட்டேங்கிறாரு.”

வியாழக்கிழமை மத்தியானம். பை சஞ்சீவனியின் கையை விட்டு நழுவிக் கதிரையில் விழுந்தது.

யசோதினி உள்ளே சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். முகம் வீங்கியிருந்தது.

“நீங்களாச்சும் கேளுங்கக்கா” என்றாள். “நீங்க கண்டியில வேலைக்குப் போறீங்க, ஒங்களைப் பத்தி ஊரெல்லாம் பெரும பேசுறாரு. நான் படிக்கப் போனா மட்டும் மானம் போயிருமா? அடுத்த வருஷம்னா எனக்கு வயசு தாண்டிரும், எடுக்க மாட்டாங்க. தெரிஞ்சும் செஞ்சாரு. இனிமே அவரு மொகத்துல முழிக்க மாட்டேன். சோறு போட்டுக் குடுக்கக்கூட எனக்குப் புடிக்கல.”

“மாமா அப்படிப்பட்டவரு இல்லடி.”

“அப்ப எப்படிப்பட்டவரு? சொல்லுங்க!”

சஞ்சீவனி தண்ணீர்கூடக் குடிக்காமல் கடைக்கு நடந்தாள்.

மாமா நிலத்தில் நட்டிருந்த இரும்பு அலவாங்கில் தேங்காயைக் குத்தி உரித்துக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் கலைந்துவிட்டிருந்தது. அவளைப் பார்த்ததும் சாக்கை உதறிப் போட்டு, “ஒக்காரு புள்ள” என்றார். அவள் கேட்பதற்கு முன்னாலேயே அவருக்குத் தெரிந்துவிட்டது.

“வீட்டுல அழுதாங்களா?”

“ஏன் மாமா வேணாம்னு சொன்னீங்க?”

அவர் அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டார். “அன்னிக்குக் காலையில விக்கத்தான் போனத் தொறந்தேன். பாத்தா பத்துல ஒரு பங்குதான் நிக்கிது. கண்ணு இருட்டிருச்சு எனக்கு. ஒன்கிட்ட கேப்போம்னு போன் அடிச்சேன், நீ வேலையில இருந்த. மத்தியானத்துக்குள்ள எடம் வேணுமா வேணாமான்னு சொல்லணும். பணம் இல்லாம வேணும்னு எப்படிச் சொல்றது? வேணாம்னுட்டேன்.” ஒரு மட்டையைப் பிய்த்து எறிந்தார். “சாயந்தரம் பாத்தா எல்லாம் இருக்கு! ஒரு சதம் கொறையல. அந்தப் படிப்புக்காரங்களுக்குத் திரும்பப் போன் அடிச்சேன். அந்த மிஸ் அப்பவே அடுத்த புள்ளைக்குக் குடுத்தாச்சுன்னாங்க. கெஞ்சிப் பாத்தேன். முடியாதுன்னாங்க.”

“இத ஏன் வீட்டுல சொல்லல?”

“எதச் சொல்ல? ஒன் படிப்புக் காச ஒங்கம்மாவுக்குத் தெரியாம ஷெயார்ல போட்டேன், அத ஒழுங்காப் பாக்கத் தெரியாம ஒன் எடத்தையும் தொலச்சேன்னா? கண்டிப்பான அப்பன்னு திட்டுனா திட்டிட்டுப் போகட்டும். முட்டாப் பய அப்பன்னு அவ நெனைக்க வேணாம். நீயும் சொல்லிராத சஞ்சி.”

பணம் போகவில்லை, ஒரு சதம்கூடப் போகவில்லை. போனது அந்தப் பெண்ணின் இடம், இந்த மனுஷனின் முகம். சஞ்சீவனி எழுந்து நின்றாள்.

“நீங்க ஒழுங்காத்தான் பாத்தீங்க மாமா. காட்டுனதுதான் தப்பு. பங்கப் பிரிக்கிற திகதிய மாத்திப் போட்டது நான்தான். என் கைதான்.”

மாமா அலவாங்கைப் பிடித்தபடி அவளையே பார்த்தார். அடித்துவிட்டால்கூடத் தேவலை என்றிருந்தது அவளுக்கு.

“நீயா?” என்றார். பிறகு மூச்சை இழுத்து விட்டார். “சரி விடு. மனுஷக் கைதானே. நானும் அழுகுன தேங்காய நல்லதுன்னு நெனச்சுக் குடுத்திருக்கேன்.” இன்னொரு தேங்காயை எடுத்தார். குத்தப் போனவர் நிறுத்தினார். “நான் போன் அடிச்சப்ப ஒனக்கு அது தெரியுமா புள்ள?”

தெரியும் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். சத்தியமாகத் திறந்தாள்.

“இல்ல மாமா. பொறகுதான் தெரிஞ்சிச்சு.”

“அதானே!” அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். “தெரிஞ்சிருந்தா நீ எடுத்திருக்க மாட்டியா? எனக்குத் தெரியாதா ஒன்னைய!” தேங்காயை ஒரே குத்தாகக் குத்தினார். “வா, கடையச் சாத்திட்டுப் போவோம். சாப்புட்டுப் போகலாம்.”

வீட்டுக்கு நடந்த அந்தக் கொஞ்ச தூரம் சஞ்சீவனிக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. அவர் பேசிக்கொண்டே வந்தார். நீ கவலப்படாத, ஸாகி சார் ஒண்ணும் சொல்லலியா, வேலைக்கு ஆபத்து இல்லியே, அதுதான் முக்கியம் என்றெல்லாம் கேட்டார். இடத்தைத் தொலைத்தவர், தொலைக்க வைத்தவளின் வேலைக்காகக் கவலைப்பட்டுக்கொண்டு வந்தார். அட கடவுளே, திட்டித் தொலைக்கக் கூடாதா?

அத்தை பாயை விரித்துச் சோற்றுப் பானையை நடுவில் வைத்தாள். பருப்பு, பலாக்காய்க் கறி, கருவாட்டுக் குழம்பு. யசோதினி அறையை விட்டு வந்து, அப்பா உட்கார்ந்த பக்கத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். மாமா தானே அள்ளித் தன் சோற்றுக் கோப்பையில் போட்டுக்கொண்டார். மகளின் முதுகைப் பார்த்தார், பிறகு சோற்றைப் பார்த்துப் பிசைந்தார். பிசைந்துகொண்டே இருந்தார், வாய்க்குக் கொண்டு போகவில்லை.

சொல்லாதே என்று கேட்டிருந்தார். சொன்னால் அத்தையிடம் அவர் மாட்டிக்கொள்வார். ஆனால் அந்த முதுகு அவருக்கு வர வேண்டியது இல்லை, அவளுக்கு வர வேண்டியது. சஞ்சீவனியால் அதைப் பார்த்துக்கொண்டு ஒரு வாய் தின்ன முடியவில்லை.

“யசோ, இந்தப் பக்கம் திரும்பு” என்றாள்.

“சஞ்சி!” என்றார் மாமா.

“மன்னிச்சிருங்க மாமா.” சொல்லிவிட்டாள். படிப்புப் பணம் பங்கில் இருப்பதை, அதை வாங்க வைத்தது தான்தான் என்பதை, திகதியை, இருந்த பணம் இல்லாத மாதிரிக் காட்டியதை, அதைப் பார்த்துத்தான் அப்பா இடம் வேண்டாம் என்றார் என்பதை, எல்லாவற்றையும் மூச்சு விடாமல் கொட்டினாள்.

அத்தைக்குத்தான் முதலில் குரல் வந்தது. “பேங்குல போட்டிருக்கேன்னு சாமி படத்துக்கு முன்னால சொன்னீங்களே!” என்று புருஷனைப் பார்த்துக் கத்தினாள். மாமா தலையைக் குனிந்துகொண்டார். “அந்தப் பொண்ணத் திட்டாத வடிவு” என்று மட்டும் சொன்னார். “அவளுக்கும் தெரியாமத்தான் நடந்திச்சு.”

யசோதினி கத்தவில்லை. மெதுவாகத் திரும்பி உட்கார்ந்தாள். சஞ்சீவனியின் முகத்தை விட்டு அவள் கண் நகரவில்லை.

“அப்பா போன் பண்ணுறப்பவே ஒங்களுக்குத் தெரியுமாக்கா?”

மாமா முந்திக்கொண்டார். “தெரியாதும்மா. நான் கேட்டுட்டேன்.”

“நான் அக்காகிட்ட கேக்குறேன்.”

ஒரே சொல்தான். ‘இல்ல’ என்று இன்னொரு தடவை சொல்லிவிட்டால் போதும், மாமா கோப்பையை அவள் பக்கம் தள்ளிச் சாப்பிடு என்பார். கடையில் அவர் முகத்தில் பார்த்த வெளிச்சம் அப்படியே இருக்கும்.

“தெரியும்” என்றாள் சஞ்சீவனி. “மூணு தடவையும் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். சொல்ல வெக்கமா இருந்திச்சு. எடுக்கல.”

மாமா நிமிர்ந்து பார்த்தார். கோபம் இல்லை. புதிதாக வீட்டுக்கு வந்த யாரோ ஓர் ஆளைப் பார்க்கிற மாதிரிப் பார்த்தார். சோறு பிசைந்த கை அப்படியே நின்றது.

யசோதினி எழுந்தாள். குழம்புச் சட்டியை எடுத்து வந்து அப்பாவுக்குப் பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்தாள். “காஞ்சு போச்சுப்பா” என்று சொல்லி அவர் சோற்றில் குழம்பை ஊற்றினாள். பெரிய கருவாட்டுத் துண்டாகத் தேடி எடுத்து வைத்தாள். “சாப்பிடுங்கப்பா. மூணு நாளா நீங்க சாப்பிடல, நான் பாக்காத மாதிரி இருந்தேன்.” மாமா மறுகையால் கண்ணைத் துடைத்தார், துடைக்கத் துடைக்க வழிந்தது. அத்தை அவர் முதுகில் கை வைத்துக்கொண்டு தானும் அழுதாள்.

மூன்று பேரும் ஒரு பக்கம். பானையில் பாதிச் சோறு ஆவி பறக்க இருந்தது. சஞ்சீவனியின் வெறும் கோப்பை எதிரே கிடந்தது. அந்த வீட்டில் பால்காரன் வந்தால்கூடச் சாப்பிட்டுப் போ என்று கையைப் பிடித்து இழுக்கிறவள் அத்தை. அவள் பானையை மூடினாள்.

சஞ்சீவனி எழுந்து கோப்பையைக் கொண்டுபோய்ச் சமையலறையில் வைத்தாள். வாசலில் நின்று செருப்பை மாட்டினாள். அழக்கூடத் தனக்கு உரிமை இல்லை என்று தோன்றியது.

“நான் வர்றேன் மாமா” என்றாள். “வர்றேன் அத்தை. யசோ, வர்றேன்.”

போயிட்டு வா என்று யாரும் சொல்லவில்லை.